நம்பர் பலகைக்கு ஒரு சட்டம்

மார்ச் 4

என் மகள் வாலுவுக்குப் பல் ஆடுகிறது. நாக்கால் தள்ளாதே என்றால் கேட்கிறாளா? அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில் ஒரு போன். பேசியவர் லாரி ஸ்டாண்டில் விசாரித்து என் நம்பரை வாங்கினாராம்.

"உங்க லாரி விடியக்காலைல எங்க குளத்துல என்னத்தையோ கொட்டிட்டுப் போயிருக்கு. தண்ணி நாறுதும்மா."

வண்டி எண்ணைக் கேட்டேன். பிசகாமல் சொன்னார். எங்கள் லாரியின் எண்தான்.

சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார். "நம்ம நம்பர எவனோ திருடிட்டான். அதே நம்பர எழுதி இன்னொரு லாரியில மாட்டிக்கிட்டு ஓட்டறானுங்க. இப்பல்லாம் சகஜம்."

எங்கோ ஒரு லாரி எங்கள் பேரைச் சுமந்துகொண்டு திரிகிறது. அது எங்கே நிற்கிறது? யார் ஓட்டுகிறார்கள்? இவர் சோப்பை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக் கழுவினார்.

மார்ச் 9

இன்றைக்கும் அதே குரல். இம்முறை கோபம்கூட இல்லை.

"திட்டறதுக்குக் கூப்பிடலம்மா. நான் வாத்து மேய்க்கறவன். வாத்து சாவுது. காலையில போனா கரையோரமா கவுந்து கிடக்குது. வேற எங்கயாவது கொட்டச் சொல்லுங்களேன்."

"அது எங்க வண்டி இல்லைங்க. யாரோ எங்க நம்பரைப் போட்டு ஓட்டறாங்க" என்றேன். அடித்துச் சொன்னேன். மடியில் கனம் இல்லாதவள் பேசுகிற தொனியில்.

"அப்படியா. சரிம்மா" என்று வைத்துவிட்டார். நம்பினாரா?

மார்ச் 10

எனக்கு ஒரு யோசனை. நம் லாரிக்கு ஓர் அடையாளம் வேண்டும். பின்னால் நம்பர் பலகையைச் சுற்றி நல்லதாக ஒரு சட்டம் போட்டுவிட்டால், அந்தத் திருட்டு லாரி வேறு, நம் லாரி வேறு என்று யாருக்கும் காட்டலாமே!

இவரிடம் சொன்னதற்கு ஒரே சிரிப்பு. "லாரிக்கு எதுக்குச் சட்டம்? ரோட்டுல இருக்கற சட்டத்துக்கே பதில் சொல்லி முடியல."

சாப்பிட்டு எழுந்தவர் கை துடைத்துக்கொண்டே வந்தார். முகம் வேறாக இருந்தது. "யோசிச்சுப் பாத்தேன், கண்ணாடிக்காரி. நல்ல ஐடியா. பளிச்சுன்னு தெரியற மாதிரி ஒண்ணு வாங்கிடுவோம்."

என் யோசனையை இவர் இப்படி உடனே ஏற்றுக்கொண்டது இதுவே முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

மார்ச் 12

மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் செய்வதே இந்த வேலைதான். சதுர முகத்துக்கு வளைந்த சட்டம், உருண்டை முகத்துக்குக் கட்டமான சட்டம். ஆனால் லாரிக்கு எது முகம்? பின்னால் வருகிறவன் பார்ப்பதுதான் முகம் என்றாள் வாலு. சரியாகத்தான் சொன்னாள்.

வண்டி அலங்காரச் சாமான் விற்கிற கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் மேசை முழுக்கப் பரப்பிவிட்டார். வெள்ளிப் பளபளப்பில் ஒன்று – கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி. இதயம் இதயமாக ஒன்று. அதை வாலு கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவர், "ஆறு டயர் லாரிக்கு இதயமா? மத்த டிரைவருங்க என்னை ஊரை விட்டே துரத்திடுவானுங்க" என்றார்.

தடித்த விளிம்போடு ஒன்று கிடந்தது. இவர் அதைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

"அது வேணாண்ணே. விளிம்பு பாதி நம்பரை மறைக்கும், போலீஸ் புடிக்கும்" என்றார் கடைக்காரர். "சில பேரு அதுக்காகவே தேடி வந்து வாங்கறாங்க. அது வேற கதை."

இவர் அதைக் கீழே வைத்தார். மெதுவாக வைத்தார்.

நான் எடுத்தது கறுப்பு. மெல்லிய விளிம்பு. கீழ் மூலைகள் இரண்டிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவப்பு வில்லை. வெளிச்சம் பட்டால் கண் விழித்த மாதிரி மின்னும். "இதை இதுவரைக்கும் யாருமே கேக்கல" என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியதும் அதுதானே! அவரே மாட்டியும் கொடுத்தார்.

இவர் ரசீதில் தேதியைப் பெரிதாகப் போடச் சொன்னார். வாலுவிடம் என் போனைக் கொடுத்து லாரியைப் படம் எடுக்கவும் சொன்னார். "சட்டம் நல்லா தெரியணும். தேதி விழற மாதிரி எடு."

"லாரிக்குப் பொறந்த நாளாப்பா?" என்று கேட்டாள் வாலு. இவர் சிரிக்கவில்லை.

மார்ச் 13

பல் விழுந்துவிட்டது. ஓட்டை வாயோடு வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிகிறாள்.

மார்ச் 21

போன் எதுவும் வரவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள்தான். இருந்தாலும் போன் அடிக்கும்போதெல்லாம் கை தயங்குகிறது.

இவர் விடிவதற்கு முன்பே கிளம்பிப் போகிறார். சாய ஆலையிலிருந்து காலி டிரம் ஏற்றுகிற வேலையாம். "என் துணிய நானே தொவச்சுக்கறேன், உனக்கு எதுக்குச் சிரமம்?" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசாத மனுஷன். அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று கொடியிலிருந்து அவர் கால்சட்டையை எடுத்தேன். ஓரம் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. துணி பொடிப்பொடியாக உதிர்கிறது. பேட்டரி தண்ணி பட்டுடுச்சு என்றார். இருக்கும். லாரி என்றால் பேட்டரி இல்லாமலா?

மார்ச் 27

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

வாத்துக்காரரை லாரி அடித்துப் போட்டிருக்கிறது. நேற்று விடிகிற நேரம், குளத்துக்குப் போகிற மண்பாதையில். பால் கொண்டுபோனவர் யாரோ பின்னாலிருந்து படம் எடுத்திருக்கிறார். பெண் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து அந்தப் படத்தைக் காட்டினார். புழுதி. லாரியின் பின்பக்கம். எங்கள் எண், துல்லியமாக.

சட்டம் இல்லை.

எனக்கு உயிர் வந்தது. "மேடம், இது எங்க வண்டி இல்ல! பாருங்க, இதுல ஃப்ரேமே இல்ல. எங்க வண்டியில அதுக்கு முன்னாடியே மாட்டியாச்சு!" இவர் வாயைத் திறக்கவே இல்லை. எல்லாம் நான்தான். ரசீதை நான் எடுத்து வந்தேன். வாசலில் நின்ற லாரியை நான் காட்டினேன். வாலு எடுத்த படத்தையும் நானே தேடி எடுத்து நீட்டினேன்.

அவர் தேதியைப் பார்த்தார். லாரியைச் சுற்றி வந்தார். "ம்" என்றார். நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். கையில் படம். எதிரே லாரி. படத்தில் சிவப்பு வில்லைகள் கீழே இருக்கின்றன. லாரியில் மேலே.

தலைகீழாக மாட்டியிருக்கிறது. யாரோ கழற்றி, அவசரமாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

தலையை ஆட்டினேன் – இல்லையென்று.

அவர் போனதும் இவர் என் தோளைத் தட்டினார். "உயிரக் காப்பாத்திட்ட, கண்ணாடிக்காரி."

மார்ச் 28

கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். "ஃப்ரேம் தலைகீழா இருக்கே?"

"மெக்கானிக் பல்பு மாத்தறப்ப கழட்டினான். முட்டாப்பய."

மதியம் வந்து பார்த்தேன். வில்லைகள் கீழே இருந்தன.

மார்ச் 29

மெக்கானிக் கண்ணாடி வாங்கியது நான் வேலை செய்கிற கடையில்தான். அவர் எண் அங்கே இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். இந்த மாதம் எங்கள் லாரி அவர் பட்டறைப் பக்கமே வரவில்லை.

ஏப்ரல் 2

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்குப் போனேன்? தெரியவில்லை. உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் வாத்துக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று கேட்டார். தெரிஞ்சவங்க என்றேன். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

"கைய ரெண்டையும் விரிச்சுக்கிட்டு வழியில நின்னாராம். ஒரு தடவ கண்ணு முழிச்சப்ப சொன்னாரு. லாரி நின்னுச்சாம்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சாம். நின்னுட்டு, மறுபடி கெளம்பிச்சாம்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 3

வாலு பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். இவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த லாரி ஒரு தடவ நின்னுட்டுத்தான் ஏறிச்சாமே" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"விலகிடுவான்னு நெனச்சேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நகவெட்டி நின்றது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து வந்து என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். குழந்தைக்குச் சொல்கிற குரலில் பேசினார்.

"படத்தக் காட்டினது யாரு? நீ. கையெழுத்துப் போட்டது யாரு? நீ. நான் உள்ள போனா நீயும் வரணும். அப்ப வாலு எங்க போவா, சொல்லு?"

சட்டம் வாங்கலாம் என்றதும் நானே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சோறு பரிமாறினது நான்.

ஏப்ரல் 4

லாரியை எடுக்கவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருந்தார். நான் போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் வந்தது.

ஏப்ரல் 7

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாலுவை அக்கா வீட்டில் விட்டேன். அக்கா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. என் முகம் போதுமாயிருந்தது. அங்கிருந்து நேரே இன்ஸ்பெக்டரிடம்.

படத்தில் வில்லை கீழே, அவர் வந்த அன்று வில்லை மேலே என்று சொன்னேன். சாய ஆலை டிரம்களைப் பற்றியும் உதிர்ந்துபோன கால்சட்டையைப் பற்றியும் சொன்னேன். மெக்கானிக் சொன்னதையும், 'விலகிடுவான்னு நெனச்சேன்' என்றதையும் சொன்னேன். அவர் தன் போனை எடுத்தார். அன்றைக்கு வாசலில் அவரும் லாரியைப் படம் எடுத்திருக்கிறார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். என்மேலும் கேஸ் வருமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஏப்ரல் 8

இவரைக் கொண்டுபோய்விட்டார்கள். லாரியையும்தான். வாலுவை அக்கா வீட்டிலிருந்து கூட்டி வந்தேன்.

ஏப்ரல் 15

வாத்துக்காரருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாராம்.

ஏப்ரல் 26

இவரை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். சாய ஆலைக்காரர்கள் வக்கீல் வைத்தார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

"தொற. கேஸ்ல சொன்னத மாத்திச் சொல்லிடு, எல்லாம் சரியாயிடும். தொறம்மா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இவர் ஏதாவது பண்ணிவிடுவார் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். உடனே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

வாலு என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்பா சாப்ட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

ஜன்னல் கம்பிக்குள் தட்டு நுழையவில்லை. பொட்டலமாகக் கட்டி நீட்டினேன். என் கையைப் பார்த்தார், பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அதையும் ஜன்னல் வழியாகவே கொடுத்தேன்.