ரோஸ் கலர் வீடு

18.12.2011, ஞாயிறு

பனி. முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் சிதம்பரம் தாண்டியபின் ஒன்றும் தெரியவில்லை. கிள்ளையில் இறங்கினால் இம்ரான் ஏற்கெனவே டீக்கடையில். பரங்கிப்பேட்டையிலிருந்து பைக்கில் வந்துவிடுகிறான், அவனுக்கென்ன. ஜோசப் மாமாவும் சேகரும் கடலூரிலிருந்து வந்து சேர நேரமாகிவிட்டது.

மறந்தவை: தொப்பி, தண்ணீர் டப்பா, கழுத்து வலி மாத்திரை. மறக்காதது: தயிர் சாதம். நானும் ஒரு ஓவியர்!

மாமா வழக்கம்போல எல்லோர் பையையும் சோதனை போட்டார். எங்கள் நால்வர் குழுவுக்கு அவர் வைத்த சட்டம்: கேமரா கூடாது, ரப்பர் கூடாது. பார்த்ததை அங்கேயே உட்கார்ந்து போட வேண்டும். போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. சர்க்கரை ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஷிப்ட்டில் ஆளைச் சோதித்த பழக்கம் விடவில்லை. இம்ரானின் செல்போன் பறிமுதல், மாமாவின் டிபன் பையில்.

"மாமா, நான் மொபைல் கடைல வேல செய்றேன். போனே இல்லாம இருக்கச் சொல்றீங்களே, இது ஜாஸ்தி."

உப்பங்கழிக் கரையில் ஒரு பூவரச மரத்தடி. இடது பக்கம் படகுகள், காயப்போட்ட வலை. வலது பக்கம் தென்னை. பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் பிச்சாவரம் பக்கத்துக் காடு பச்சைக் கோடாக. எல்லாம் அழகு, நடுவில் மட்டும் ஒரு வீடு. ரோஸ் கலர் சுவர், சிமெண்ட் ஷீட், மேலே டிவி டிஷ். கண்ணை உறுத்துகிறது.

பென்சிலில் கை தானாக அதையும் போட்டுவிட்டது. வண்ணம் தீட்டப் போனபோதுதான் சகிக்கவில்லை. ரப்பர் கிடையாதே. அதன் மேலேயே ஒரு கூரை வீட்டை ஏற்றிவிட்டேன். பர்ன்ட் சியன்னா பழுப்பு, துளி நீலம். அபாரமாக வந்தது. இத்தனை வருஷத்தில் என் கையில் விழுந்த நல்ல கூரை இதுதான்.

அந்த வீட்டு அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் தனம், முப்பத்தைந்து இருக்கும். வீட்டுக்காரர் மஸ்கட்டில்.

"யக்கா, எங்க வூடு படத்துல வருமா?"

"வரும், வரும்." கூரைக்கு நிழல் போடும் அவசரம் எனக்கு. அடுத்த மாதம் கடலூரில் கண்காட்சி, வந்து பாருங்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பச்சைப் பட்டு கட்டி, தலைவாரி, வாசற்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறார், துணைக்கு யாரோ வரவேண்டும் போல. வெயில் ஏறியும் யாரும் வரவில்லை, பாவம்.

முடித்ததும் நாலு படத்தையும் மண்ணில் குப்புற வைத்து, மாமா "ரெடி" என்றதும் ஒன்றாகத் திருப்பினோம். இதுவும் சட்டம். நாலும் நன்றாக இருந்தன. மாமா என் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வசந்தி, இது பேசுதும்மா. கண்காட்சில மொதல்ல இதத்தான் மாட்டணும்." மிதந்துகொண்டே பையைக் கட்டினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா படியிலிருந்தே கத்தினார்: "முடிஞ்சுதா? எழுந்துக்கட்டுமா?"

"முடிஞ்சுதுங்க, கிளம்பறோம்."

எழுந்திருக்க என்னிடம் எதற்குக் கேட்கிறார்?

21.12.2011, புதன்

பிரேம் கடை. எட்டுப் படம் கொடுத்தேன். கடைக்காரர் கூரை வீட்டைப் பார்த்து, "எந்த காலண்டர்லேர்ந்து எடுத்தீங்க?" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கண்காட்சிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். மார்கழியில் கல்யாணம் கிடையாது, சும்மா பூட்டித்தான் கிடக்கும் என்று சேகர் பேசி முடித்திருக்கிறான். அவனுக்கு பிளெக்ஸ் கடை, ஊரில் எல்லா மண்டபமும் பழக்கம். எங்கள் நாலு பேர் முகத்தையும் போட்டு பேனர் அடிக்கிறானாம். வேண்டாம் என்றால் கேட்கிறானா.

வீட்டில் இவர்: "கண்காட்சிக்கு யாரு வருவா? சமோசா போடு, வருவாங்க."

30.12.2011, வெள்ளி

புயல்.

எழுத வரவில்லை. விடியும்போது ஆரம்பித்த சத்தம். காற்று என்றால் இப்படியா? கொல்லை முருங்கை முறிந்தது, எதிர்வீட்டுத் தகரம் தெருவோடு உருண்டு போனது. கரண்ட் இல்லை. போன் இல்லை. கடலூர் பக்கம்தான் கரை ஏறியதாம். எங்களுக்கு ஓரத்தில் அடித்ததே இவ்வளவு.

ஜன்னல் கண்ணாடி உடைந்ததும் நான் ஓடிப்போய்க் காப்பாற்றியது படங்களை. மழைக்கோட்டில் சுற்றி, கட்டிலுக்கு அடியில். எல்லாம் முடிந்தபின் இவர் கேட்டார், "எங்கம்மா போட்டோ செவுத்துலயே இருந்துதே, எடுத்தியா?"

இல்லை. நனைந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் தேவலை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

8.1.2012, ஞாயிறு

கடலூர் போய் வந்தேன். வழியெல்லாம் மரங்கள் ஒரே திசையில் படுத்துக்கிடக்கின்றன. ஊரே அடையாளம் தெரியவில்லை. இரண்டு இடத்தில் எந்த வளைவு என்று கண்டக்டரைக் கேட்டேன்.

சேகர் கடைக்குக் கூரை இல்லை. ஜோசப் மாமாவின் உறவுக்காரருக்குப் பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு இருந்தது. இருந்தது. மாமா அதைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் படங்களில் பாதி இப்போது இல்லாத இடங்கள் என்று இம்ரான்தான் சொன்னான்.

கண்காட்சி தள்ளிவைப்பு. தை வந்தால் மண்டபம் கிடைக்காது. முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்துச் சொல்வதாக மானேஜர்.

9.2.2012, வியாழன்

கண்காட்சி, முதல் நாள். சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரம் நிறுத்தி, மேலே படங்களைச் சாய்த்து வைத்தோம். எங்கே நின்றாலும் சாம்பார் வாசனை. பேனரில் நான் ஏதோ கட்சியில் சேர்ந்தவள் மாதிரி கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். கிள்ளை பஸ் ஸ்டாப் வரைக்கும் கட்டியிருக்கிறானாம், படுபாவி.

புயலுக்கு முந்திய ஊரைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். படத்தைப் பார்த்து, "இந்த மரம் எங்க தெருவுல இருந்துது" என்று தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க கண்ணால பாத்ததத்தான் போட்டோம்" என்று ஒவ்வொருவரிடமும்.

மதியத்துக்குள் கிள்ளைக் கூரை வீடு விற்றுவிட்டது!! ஒரு டாக்டர் அம்மா. க்ளினிக்கில் மாட்டுவதற்காம். ஞாயிறு மாலை ஆள் அனுப்புவார். விற்றதற்குச் சிவப்புப் புள்ளி ஒட்ட வேண்டும் என்றான் சேகர், யாரும் வாங்கிவரவில்லை. என் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். என் வாழ்க்கையில் விற்ற முதல் படம். இவருக்கு போன் செய்தேன். "சமோசா இல்லாமலா?" என்றார், ஆனால் குரல் மாறியிருந்தது.

10.2.2012, வெள்ளி

பஸ்ஸிலேயே எழுதுகிறேன்.

காலையில் தனம் வந்திருந்தார், நாத்தனாரோடு. பேனரில் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். கிள்ளையிலிருந்து இரண்டு பஸ் மாறி. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவராகவே சொன்னார்: "தண்ணி குடுத்தேன்ல யக்கா."

நேராகக் கூரை வீட்டு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம். பிறகு மாமா படம், சேகர் படம், இம்ரான் படம். திரும்ப என்னுடையது.

"எடம் எங்க எடந்தான். அந்தப் படகு எங்க மச்சானுது. இந்தக் கூரை வூடு யாருது?"

என் பக்கம் திரும்பினார்.

"கூரய உட்டு வெளிய வரத்தான யக்கா அவரு மஸ்கட் போனாரு?"

நாத்தனார்தான் விவரம் சொன்னார். புயலில் ஷீட் பறந்து, சுவர் மொத்தமும் விழுந்துவிட்டது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் போனபிறகு, அவர் அனுப்பி அனுப்பிக் கட்டிய வீடு. அவர் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு வந்து நேரிலேயே பார்க்கட்டும் என்று போட்டோவும் எடுக்கவில்லை. லீவு தள்ளிப்போய், இந்தச் செவ்வாய்க்கிழமை வருகிறார். வந்தால் காட்ட இருப்பது மண்மேடு.

தனம்: "நாலு பேரு ஒக்காந்து போட்டாங்க, கண்டிப்பா ஒண்ணுலயாவது இருக்கும்னு அவருகிட்ட சொல்லிட்டேன்."

நாலு படத்தையும் நாங்களும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தோம். மாமா அந்த இடத்தில் ஒரு தென்னையைக் கூடுதலாக வைத்திருந்தார். சேகர் படகைக் கரைக்கு இழுத்து நடுவில் நிறுத்தியிருந்தான். இம்ரான் சூரியனை அந்திக்கு இறக்கி, கரை முழுக்கக் கறுப்பாக்கி வீட்டை மறைத்திருந்தான். யாரும் யாரிடமும் பேசிவைத்துச் செய்யவில்லை. அன்றைக்கு மண்ணில் நாலையும் ஒன்றாகத் திருப்பினோமே, ஒருத்தருக்காவது தோன்றியதா, நடுவில் இருந்த வீடு எங்கே என்று?

இம்ரான் மெதுவாக, "என் போன குடுத்திருந்தா ஒரு போட்டோவாவது எடுத்திருப்பேன் மாமா." மாமா வெளியே போய்விட்டார்.

தனம் கோபப்படவேயில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. போகும்போது சொன்னது: "உனக்காவத்தான் யக்கா பட்டு கட்டிகினு ஒக்காந்திருந்தேன். அசையக் கூடாதுன்னு தண்ணிகூட குடிக்கல."

விசேஷத்துக்குக் கிளம்புகிறார் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

11.2.2012, சனி

காலை முழுக்க அந்த வீட்டை ஞாபகத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். ரோஸ் கலர், சரி. ஜன்னல் ஒன்றா, இரண்டா? கதவு நடுவிலா, ஓரத்திலா? படி இருந்தது, எந்தப் பக்கம்? பாதி நாள் எதிரில் உட்கார்ந்தவள் நான். மூன்று தாள் கிழித்தேன்.

பிறகுதான் உறைத்தது. பென்சில்! முதலில் போட்டேனே. அழிக்க ரப்பர் இல்லாமல்தானே மேலே கூரையை ஏற்றினேன்? அங்கே விட்டுவர மனமில்லாமல் நேற்றே கையோடு கொண்டுவந்த படத்தைப் பிரேமிலிருந்து கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வைக்கோல் நிறத்துக்கு அடியில் நேர்க்கோடுகள். இருக்கிறது. வீடு உள்ளேயே இருக்கிறது.

வாட்டர் கலர் என்பதால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றினால் வண்ணம் ஏறிவரும், பென்சில் நிற்கும். ஆனால் கூரை போய்விடும். என் நல்ல கூரை. விற்ற கூரை.

டாக்டர் அம்மாவுக்கு போன். வேறு எந்தப் படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எனக்கு அந்தக் குடிசதாம்மா புடிச்சிருக்கு. என்னா ஒரு லைஃப் அதுல."

"அங்க குடிசையே கிடையாதுங்க." சொல்லிவிட்டேன்.

"அப்ப எனக்கு எதுவும் வேணாம்மா."

இவரிடம் சொன்னேன். கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். சுவரில் அவர் அம்மா போட்டோ, முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கறை. அதைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாண்ட்ல கொண்டுபோய் விடறேன்" என்றார்.

12.2.2012, ஞாயிறு

கிள்ளை. வெயில். தனியாகப் போனேன், பூவரசு பாதி முறிந்து நிற்கிறது.

வீடு இருந்த இடத்தில் கல்லும் மண்ணும். ஓரமாகத் தார்ப்பாய் கட்டியதுதான் இப்போது வீடு. வாசற்படி மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று படி, மேலே ஏறினால் ஒன்றுமில்லை.

தனம் நைட்டியில், துண்டு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டேன். படியில் படத்தை வைத்து, சொன்னேன், என்ன செய்யப்போகிறேன் என்று.

"நல்லா இருக்குறத ஏன் யக்கா அழிக்கிற?"

முதல் ஒற்றில் கூரை முனை போனது. கிண்ணத்துத் தண்ணீர் டீ நிறம். முதலில் ஷீட்டின் சாய்வு வந்தது. டிஷ். ஜன்னல் இரண்டு. கதவு இடது ஓரத்தில். தனம் குத்துக்காலிட்டு, மூச்சுக் காட்டாமல்.

"ஆங், அதான்... அதான் கதவு. மேல ஓம் போட்ட கிராதி இருக்கும். போட்டிருக்க! அவுரு பாத்தா..." சிரிப்பும் அழுகையுமாக வாயைப் பொத்திக்கொண்டார்.

படிகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ரோஸ் கலர் கரைத்துச் சுவரில் லேசாக ஓட்டினேன். வீடு நின்றது.

தனம் இன்னும் குனிந்து பார்த்தார். விரலைப் படிக்கு மேலே, தொடாமல், வைத்தார்.

"நான் எங்க?"

தாளை வெயிலில் திருப்பினேன். சாய்த்தேன். இன்னொரு தடவை ஒற்றினேன். படியில் ஒரு கோடு இல்லை. வெறும் படி. வீட்டையாவது என் கை பார்த்திருக்கிறது. அவரைப் பார்க்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"பட்டு புயல்ல அடிச்சினு பூட்ச்சி, இந்த நைட்டியோடவே இருக்கட்டும்." நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். முடியை முடிந்தார். போய் மூன்றாவது படியில், அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே, முதுகுக்குப் பின்னால் வெறும் வானத்தோடு உட்கார்ந்தார்.

"போடு யக்கா. நீ சொல்ற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன்."