பாவில் வைத்த கத்தரிக்கோல்

18 ஜூன் 1971, வெள்ளி

எங்கள் ஊர்ப் பொதுநிதியில் கல்லூரி உதவி கேட்கும் மாணவியின் மனுவில் அப்பா கையெழுத்து வேண்டும். மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. கஸ்தூரியின் மனுவில் இருந்தது அவளே போட்டது போல் பட்டது. யோசிக்காமல், சரிபார்க்க அவள் வீட்டுக்கே போய்விட்டேன். அது என் தவறு.

அவள் அப்பா முனுசாமி தறியில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கஸ்தூரி சேலைக் கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருந்தாள்; ஊடு நூல் வைத்த, இரும்பு முனைக் கட்டை அது. மனுவைக் காட்டினேன்.

"காலேஜுக்குப் போய்ட்டா கரைய யாரு தள்றது? உங்க ஆபீசா வந்து குந்தும்?"

சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த நாடாவைப் பிடுங்கி அவள் தலையில் அடித்தார். இரும்பு முனை பட்டு நெற்றி கிழிந்தது. "வேணாம் நைனா" என்று அவள் சுருண்டாள். அவர் நிறுத்தவில்லை.

தறிமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, தறியில் நீளவாக்கில் விரித்துக் கட்டியிருந்த பாவு நூலில் வைத்தேன். "இன்னொரு அடி அடிச்சீங்கன்னா பாவ அறுத்துடுவேன்."

மகளின் ரத்தத்துக்கு நிற்காத கை உடனே நின்றது. அந்தப் பாவின் பட்டு நூல், அவருக்கு நெசவு கொடுக்கும் முதலாளியுடையது. எங்கள் நிதிக்கு அதிகம் கொடுப்பவரும் அந்த முதலாளிதான்.

"மூணு சேலை பாவும்மா அது, எடுத்துடும்மா" என்று முனுசாமி கெஞ்சினார்.

"கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார்.

கஸ்தூரிக்கு ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். இப்போது என் அறையில் படுத்திருக்கிறாள். சற்றுமுன், "நெஜமாவே அறுத்திருப்பியாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

முனுசாமி கெஞ்சிய பிறகும் நான் கத்தரிக்கோலை அழுத்தினேன். சில இழைகள் அறுந்தன. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அறுத்தேன்.