அத்திம்பேரின் மூச்சுக்கு ஒரு திருத்தம்

கரியாஹாட், கல்கத்தா
12.3.1979

அன்புள்ள அத்திம்பேருக்கு ஷியாமளா அநேக நமஸ்காரம்.

அக்காவும் நீங்களும் மாற்றலாகி சக்ரதர்பூர் போய் ஒரு மாதம் ஆகிறது, ஒரு கார்டுகூட இல்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வலது கை இரண்டு தடவை மரத்துப்போனதென்று ஜனவரியில் எங்கள் ஆஸ்பத்திரியில் மூளை ரத்த ஓட்டம் அளந்தோமே, வலது கையை ஆளும் இடது பக்கத்தில் நாற்பத்தாறு வந்தது. நாற்பதைத் தாண்டினால் பயமில்லை என்று ரயில்வே டாக்டர் உங்களை மறுபடி இஞ்சின் ஓட்ட விட்டார். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் ஓட்டமும் கூடிவிடும். அதைக் கழித்துத்தான் எழுதவேண்டும். நாங்கள் கழிக்காமலே எழுதி வந்திருக்கிறோம். போன வாரம் பழைய தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். உங்கள் தாளில் வாயு ஏகமாக இருக்கிறது. கழித்தால் முப்பத்தாறு.

அளக்கும்போது மூச்சை அடக்கினீர்களா? மறைக்காமல் எழுதுங்கள். அதுவரை லீவு போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷியாமளா

சக்ரதர்பூர்
17.3.1979

சிரஞ்சீவி ஷியாமளாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் அக்கா புது வீட்டில் பூனையோடு யுத்தம் செய்கிறாள், அதனால்தான் கார்டு இல்லை.

அடக்கினேன். அளப்பதற்கு முதல் நாள் மோர்க்குழம்பு பரிமாறிக்கொண்டே நீதானே சொன்னாய், மூச்சை அடக்கினால் ஓட்டம் ஏறும் என்று. தினம் சந்தியில் பிராணாயாமம் பண்ணுகிறவனுக்கு அது ஒரு கஷ்டமா? முகமூடியைப் போட்டதிலிருந்து பத்து நிமிஷமும் இழுத்து நிறுத்தி நிதானமாக விட்டேன்.

ரிடையராகப் பதினாலு மாதம். இஞ்சினிலிருந்து இறக்கிவிட்டால் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். பதினெட்டு வயதில் கரி அள்ளிப்போட ஏறியவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கும், குழந்தை. கை இப்போது மரப்பதில்லை. உன் அக்கா மீனாக்ஷிக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தாளைக் கட்டோடு கட்டாக வைத்துவிடு.

சீதாராமன்

கல்கத்தா
21.3.1979

அன்புள்ள அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

கை மரப்பதில்லை என்பதை எப்படி நம்புவேன்? மூச்சிலேயே பொய் சொன்னவராயிற்றே.

திருத்திய ரிப்போர்ட்டை இன்று காலை கார்டன் ரீச் ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டர் கையில் கொடுத்துவிட்டேன். எங்கள் தப்பையும் எழுதிக் கொடுத்தேன். திரும்பும்போது டிராமில் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான வங்காளி மாஷிமா ஒருத்தி, "கீ ஹொயேச்சே, மா?" என்று முதுகைத் தடவினாள். என்ன ஆயிற்று என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

அப்பா போனபின் என்னைக் காலேஜில் சேர்த்தவர் நீங்கள். உங்கள் இஞ்சினுக்குப் பின்னால் பதினாறு பெட்டி ஜனம் வருகிறது. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

ஷியாமளா

சக்ரதர்பூர்
8.4.1979

ஷியாமளாவுக்கு,

திங்கட்கிழமை இறக்கிவிட்டார்கள். மீனாக்ஷிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பிள்ளையாரை நூற்றெட்டு தடவை சுற்றிவிட்டு வந்தாள். உனக்குத் தனியாக எழுதுவாள்.

நீ செய்தது சரிதான். ஜனவரிக்குப் பிறகு ஒவ்வொரு சிக்னலிலும் வலது கையைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். அதை நானே வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும். நீ சொல்லும்படி ஆகிவிட்டது, அதுதான் பொறுக்கவில்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே. அக்காவுக்கு எழுது. அதில் என்னை விசாரிக்கவும் வேண்டாம். அவள் உன் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறாள்.

சீதாராமன்