தண்ணீர் போய் முடியும் திட்டு

மச்சான்,

கொடியில் காயும் துண்டில் இன்னும் அந்தத் திட்டின் சேற்று வாசனை அடிக்கிறது. அலசி அலசிப் போட்டும் போகவில்லை. நம் வயல் சேற்றில் வைக்கோல் ஊறிய வாசனை இருக்கும். இது வேறு. அழுகிய இலையும் நண்டும் உப்பும் கலந்த நெடி. "இதக் கொண்டுபோயி கொல்லைக் கடைசியில போடுங்க, வீடே கருவாடா நாறுது" என்று வீட்டுக்காரி காலையிலிருந்து கத்துகிறாள். நான் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் டீக்கடை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நாம் சண்டையில்தானே சிநேகமானோம். வாய்க்கால் தண்ணீர் முதலில் உன் வயலில் ஏறும். அது நிறைந்து, உன் வரப்பில் இருக்கும் மடை வழியாகத்தான் என் வயலுக்கு இறங்கும். உன் வயல் மேடு, என் வயல் பள்ளம். ஒரு குறுவையில் நீ மடையை அடைத்துவிட்டாய் என்று நான் மண்வெட்டியோடு வந்து நின்றேன். "வெட்டுடா, என்னையும் சேத்து வெட்டு" என்று நீ அந்த வரப்பிலேயே குறுக்கே படுத்துவிட்டாய். ஊரே கூடிவிட்டது. கடைசியில் மடைக்குள் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு கற்றை வைக்கோலும் ஒரு ஆமையும். ஆமை வெளியே வந்து நம் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து நான் உனக்கு மாப்ள, நீ எனக்கு மச்சான், உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி. மற்றபடி நமக்குள் உறவு ஒன்றும் கிடையாது.

திட்டுக்குப் போகும் யோசனை உன்னுடையதுதான். சம்பா அறுத்து முடித்த மாசி மாதம். அணையை மூடிவிட்டார்கள், ஆற்றில் ஆடு மேய்கிறது. நீ டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "இந்தத் தண்ணிக்காக அடிச்சுக்கிறோம், ரோட்டுல உக்காருறோம். கடைசியில இது எங்கதான் போயி முடியுதுன்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கமா மாப்ள?" பார்த்ததில்லைதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம் ஊரில் குழந்தை கூட மேற்கே கையைக் காட்டும். கிழக்கே அது என்ன ஆகிறது என்று எவனும் யோசிப்பதில்லை.

அதிராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினோம். உன் வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு மடியில். அங்கே மீன் பிடிக்கும் சலீம் பாய் தன் படகில் நம்மை ஏற்றிக்கொண்டார். நம் ஆறும் இன்னும் சில ஆறுகளும் கடலோடு கலக்கும் காயலுக்குள் படகு போனது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. தண்ணீருக்குள் காலை ஊன்றி நிற்கும் மரங்களைப் பார்த்து, "நட்டுட்டுக் களையெடுக்க மறந்துட்டானுவ" என்று நீ சொன்னாய். நடுவில் அந்தத் திட்டு. நம் களத்துமேட்டைப் போல நாலைந்து இருக்கும், அவ்வளவுதான். ஓரமெல்லாம் சேறு, சேறு முழுக்க மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள், நடுவில் கொஞ்சம் மணல், சிவந்துபோன உமிரிச் செடிகள். நாம் கால் வைத்ததும் நண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விட்டன. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக, குனிந்து நடவு நடுவது போல நின்றன. கூலி எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரிக்கச் சொன்னாய்.

பாய் வலையைப் பார்க்கக் கிளம்பும்போது சொன்னார்: "வெயில் சாயறதுக்குள்ள வந்துடுறேன். பவுர்ணமி, தண்ணி ஏறும். ஓரத்துல நிக்காதீங்க."

நீ விட்டுக்கொடுப்பாயா? "அணையை மூடி எத்தன நாளாச்சு பாய், தண்ணி எங்கேருந்து ஏறும்? நீங்க மெதுவா வாங்க."

பாய் உன்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க அணைக்கும் எங்க கடலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் நானும் உன்னைத்தான் நம்பினேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்தவர்கள் நாம்; வராத தண்ணீருக்கு யாராவது பயப்படுவார்களா? மணலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். பாதி சாப்பிடும்போது மூச்சு வேர்களைக் காணோம். கொஞ்ச நேரத்தில் உமிரி முங்கியது. சத்தமே இல்லை. நம் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நுரையும் சருகுமாகச் சொல்லிக்கொண்டு வரும். இது காலடியில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினோம். அங்கேயும் வந்தது. முழங்கால் தண்ணீரில், தலையில் சோற்றுப் பொட்டலத்தோடு நீ நின்ற கோலத்தை நான் மறக்கவே முடியாது. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாய். உடனே துப்பினாய்.

"உப்பு! மாப்ள, இது நம்ம தண்ணி இல்லடா. கெழக்கேருந்து வருதுடா!"

ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது மாதிரி கத்தினாய். அப்புறம் நாம் சிரித்த சிரிப்பில் சுற்றியிருந்த நாரைகள் எல்லாம் எழும்பிவிட்டன. பாய் வந்து கை கொடுத்து ஏற்றும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பும் வழியில் மட்டும் நீ அமைதியாகச் சொன்னாய், "நம்ம தண்ணி இங்க வர்றப்ப ஒரு தடவ வந்து பாக்கணும்."

அதற்குள் உனக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரா வாரம் தஞ்சாவூர், டயாலிசிஸ். உன்னை நான் பார்க்கச் சகிக்காமல் போனது ஊசியாலும் குழாயாலும் இல்லை மச்சான். தண்ணீருக்காக ஊரோடு மல்லுக்கட்டியவன் நீ. உனக்கு டம்ளரில் அளந்து கொடுத்தார்கள். நாக்கை நனைத்துக்கொண்டு, பாதி டம்ளரை மிச்சம் வைத்து மதியத்துக்கு மூடி வைப்பாய். ஒருநாள் தங்கச்சி டம்ளரை வாங்கி வைத்தபோது, வாய்க்காலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் அதிகாரிகளை நினைத்துக்கொண்டு, "பாத்தியா மாப்ள, எனக்கும் முறை வச்சுட்டாங்க" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் கேட்டாய். "நான் போனப்புறம் என்னைய அந்தத் திட்டுப் பக்கமா அனுப்பிவிடு. அங்க மேற்கேருந்தும் தண்ணி, கெழக்கேருந்தும் தண்ணி. எவன் அளப்பான்?"

தங்கச்சியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மறு வருஷம் பங்குனியில் நீ போனாய். ஆற்றில் ஒரு சொட்டு இல்லாத பங்குனி. நான் திட்டைப் பற்றிச் சொன்னேன். உன் பங்காளிகள் கேட்கவில்லை. "தீவாவது ஒண்ணாவது, அவன் எதையுமே வெளையாட்டாத்தான் பேசுவான். அஸ்திய ஆத்துலதான் கரைக்கணும்" என்று முடித்துவிட்டார்கள். வெயிலில் கொதிக்கும் மணலில் உன் மகன் மண்வெட்டியால் ஊற்றுத் தோண்டினான். கலங்கலாகக் கொஞ்சம் ஊறியது. அதில் உன்னைக் கரைத்தார்கள். கரைத்தார்கள் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. மணலுக்குள் வைத்து மூடினார்கள். மழை வரும்வரை பொறுக்கக் கூடாதா என்று உன் மகனிடம் எரிந்து விழுந்தேன். "லீவு முடியுது மாமா, நாளன்னிக்கு ஃப்ளைட். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க" என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். அவன் உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

ஆனியில் அணையைத் திறந்தார்கள். புதுத்தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு உன் மணலின் மேல் ஏறிய அன்று நான் கரையில்தான் நின்றேன். ஆனால் வந்ததையெல்லாம் வாய்க்கால்கள் பிரித்துக்கொண்டன. கடைமடைக்காரனுக்கே எட்டவில்லை, காயலுக்கு எங்கே போகும்? நீ எங்கேயோ ஆற்றை மறிக்கும் ஒரு சட்ரஸ் பலகைக்கு இந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நிற்பதாகவே எனக்குத் தோன்றும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. சட்ரஸ் பலகைகளையெல்லாம் தூக்கிவிட்டார்கள். ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நட்ட சம்பா முங்கிக் கிடக்கிறது, ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. ஆற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட விவசாயி நான் ஒருவன்தான். "பயிரு அழுவுது, இவரு தீவு பாக்கப் போறாராம்" என்று வீட்டுக்காரி வாசலை மறித்தாள். அவளைச் சமாதானம் செய்து தெருவில் இறங்கினால், மழையில் முக்காடு போட்டுக்கொண்டு தங்கச்சி நின்றது. கையில் புளிச்சோற்றுப் பொட்டலம்.

"அண்ணே, அவரு போயிச் சேந்துட்டாரான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றது.

சலீம் பாய்க்கு என்னை அடையாளம் தெரிந்தது. உன்னைக் கேட்டார். சொன்னேன். அவிழ்த்த படகுக் கயிற்றைத் திரும்பவும் கட்டினார். "திட்டு இப்ப இல்லண்ணே, முங்கிருச்சு. போயி என்னத்தப் பாப்பீங்க?"

"இருந்த எடத்தக் காட்டுங்க பாய், போதும்."

மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். காயல் முழுக்கச் செங்காவியாகக் கிடந்தது. பூநாரை இல்லை, நண்டு இல்லை, மணல் இல்லை. நாலு அலையாத்தி மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு கிளையில் நனைந்த கொக்கு ஒன்று. மரத்தைச் சுற்றி ஆகாயத்தாமரை வந்து சிக்கியிருந்தது மச்சான். நம் வாய்க்காலில் நாம் திட்டிக்கொண்டே அரித்துப் போடுவோமே, அதே சனியன். கூடவே வைக்கோல், தென்னமட்டை. எல்லாம் மேற்கேயிருந்து வந்தவை. ஊர்க்காரர்களை வெளியூரில் பார்த்தது மாதிரி இருந்தது எனக்கு.

படகு ஆடியது, குனிந்து உட்கார்ந்தேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கையை விட்டுத் துழாவினேன். தோளில் கிடந்த துண்டு நழுவி விழுந்து முங்கியது; பாய் கழியால் துழாவி, சேற்றோடு தூக்கிக் கொடுத்தார். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன்.

"என்னண்ணே பண்றீங்க?" என்றார் பாய்.

"உப்பு பாக்குறேன்."

உப்பு இல்லை. மண் ருசிதான் இருந்தது. குறுவைக்கு முதல் தண்ணீர் வரும்போது நீ வரப்பில் குனிந்து அள்ளிக் குடித்துவிட்டு, "வா மாப்ள, ஒனக்கும் வரும்" என்பாயே, அந்தத் தண்ணீர். துப்ப மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன். பிறகு வாய்விட்டு அழுதேன். பாய் எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளிச்சோற்றில் பாதியைத் தண்ணீரில் விட்டேன். மீதியை நாங்கள் இருவரும் தின்றோம்.

நேற்றுச் சாயங்காலம் திரும்பி வந்து முதலில் உன் வீட்டுக்குத்தான் போனேன். தங்கச்சி வாசலிலேயே இருந்தது. "போயிச் சேந்துட்டாரும்மா" என்றேன். "உப்புக் கரிச்சுதாண்ணே?" என்று கேட்டது. நீ அந்தக் கதையை அதனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. "இல்லம்மா, நம்ம தண்ணிதான்" என்றேன். முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

உன் வயலை உன் மகன் என்னிடம்தான் விட்டிருக்கிறான். இன்று விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். உன் பயிர் நுனி மட்டும் தெரியும்படி முங்கிக் கிடந்தது. வடித்தால் பிழைத்துக்கொள்ளும். நீ குறுக்கே படுத்துக்கொண்ட அதே இடத்தில் வரப்பை வெட்டினேன். இந்தத் தடவை தடுக்க ஆள் இல்லை. உன் வயல் தண்ணீர் என் வயலில் இறங்கி, அதைக் கடந்து, வடிகாலில் விழுந்து ஆற்றுப் பக்கம் ஓடியது. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கே போய் முடிகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.