எல்லோரும் தலையாட்டிய வார்த்தை

பிள்ளைகளின் அப்பாவுக்கு என் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? பேத்திக்குப் பல் முளைத்ததா? உங்கள் தங்கை எட்டிப் பார்த்திருக்க மாட்டாள். மூத்தவள் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து போனவள்தானே, நான் மறக்கவில்லை.

நான் சௌக்கியம். எங்கள் சலவைக்கூடத்துக்குக் கறை எடுக்கும் புது மருந்து டிரம்மில் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் எங்களை நிறுத்தி, "இது டெலிட்டீரியஸ். புரிஞ்சுதா?" என்றார். கேள்வி கேட்டவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு வேன் ஓட்டும் தம்பியிடம் கேட்டேன். "உடம்புக்குக் கெடுதல்னு அர்த்தம் பாட்டி. கோர்ட்டு இங்கிலீஷு. நாளைக்கு எதாவது ஆச்சுன்னா, 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே'ம்பாரு."

"பலே கில்லாடிதான்" என்று சிரித்து வைத்தேன்.

இஸ்திரிக்காரிக்குக் குரலே போய்விட்டது. வாயாடி அவள்; இப்போது கூடம் அமைதியாக இருக்கிறது. எனக்கு விரல்தான் கொஞ்சம் உரிகிறது. மூக்கில் கட்ட என் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். இங்கே எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. நம் வீட்டு வாசனையாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

வேன் வந்துவிட்டது. சின்னவள் இதே வேலைக்கு வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். வர விடாதீர்கள். ஏன் என்று கேட்டால், அம்மாவுக்கு உன் மேல் போன தீபாவளிச் சண்டைக் கோபம் இன்னும் தீரவில்லை என்று சொல்லுங்கள்.

நம்பிவிடுவாள்.