அப்பா என்றுதான் சொன்னேன்

1946 ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்தது. ஏழாம் வகுப்பு. புது நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நைனா துணி நெய்த தறிக்குழியில் ஒளித்து வைக்க வேண்டும். என்னைப் பெற்றவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மலேயாவுக்குக் கப்பலேறியதிலிருந்து அந்தக் குழியில் யாரும் கால் வைப்பதில்லை. ஜப்பான்காரன் அங்கே வந்ததும் கடிதம் நின்றது. சண்டை முடிந்த பிறகும் வரவில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறாள்.

வீட்டில் சோறு போடுவது ராஜவேலு மாமா, அம்மாவின் அண்ணன். அவர் இப்போது ஒரு சங்கம் ஆரம்பித்திருக்கிறார். 'கடல்கடந்த அநாதைப் பிள்ளைகள் உதவிச் சங்கம்.' மலேயாவிலிருந்து காலில் ஆறாத புண்ணோடு திரும்பிய எல்லப்பன் சொன்னதைக் கேட்டதிலிருந்து மாமாவுக்குத் தூக்கமில்லை. அங்கே தோட்டங்களில் தாய் தகப்பன் செத்த பிள்ளைகள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறார்களாம். தெருத் தெருவாகத் துணி கேட்டு மூட்டை கட்டி அனுப்பப் போகிறார்.

ஜூன் 14

ஒருவரும் தரவில்லை. எதிர்வீட்டுக் கௌரியம்மாள் வாசலிலேயே நின்று கத்தினாள்: "நம்ம புள்ளைங்களுக்கே கோவணத்துக்குத் துணி இல்ல. இதுல கப்பலேத்தி வேற அனுப்பணுமா? போய்யா!"

மாமா சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணால ஒரு புள்ளையப் பாத்தாதான் ஜனங்க மனசு எளகும். நீ நல்லா வத்திப்போய்தான் கீற."

ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூன் 16

திருவாலங்காடு. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. கிழிந்த பாவாடையைக் கட்டச் சொல்லி மேடையில் ஏற்றினார் மாமா. நான் மலேயாவிலிருந்து வந்த அநாதைப் பெண்ணாம். 'என் அப்பா ஜப்பான்காரனுக்குச் சயாமுல ரயில் ரோடு போடப் போய்ச் செத்துட்டாரு, அம்மாவும் செத்துட்டாங்க' என்று சொல்ல வேண்டுமாம்.

போகும்போதே வண்டியில் அழுதேன். "நைனா திரும்பி வரணும் மாமா. சொன்னா பலிச்சுடும்."

"நைனான்னா சொல்லச் சொன்னேன்? அப்பான்னு சொல்லு. அந்த ஊர்ப் புள்ளைங்க அப்படித்தான் கூப்புடும். நீ எவனையாச்சும் அப்பான்னு கூப்ட்டுக்கீறியா?"

இல்லை. யாரையும் கூப்பிட்டதில்லை. அப்படியானால் யாரும் சாகவில்லை. சொல்லிவிட்டேன். ஒருத்தி மகளின் வளைகாப்புக்கு வைத்திருந்த புதுச் சேலையையே கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு என் முகத்தைத் தடவினாள். அவள் கை மாட்டுச் சாணியும் மஞ்சளுமாக மணத்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது — அவள்மேல் இல்லை.

அம்மாவிடம், நான் கூட்டத்தில் சாமி பாட்டுப் பாடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17

அப்பா வேறு, நைனா வேறு. அப்பா வேறு, நைனா வேறு.

ஜூலை 8

நேற்று வேறொரு ஊர். திரும்பி வரும்போது கூட வந்த எல்லப்பனிடம் கேட்டேன், எங்கள் நைனாவை எங்காவது பார்த்தீர்களா என்று. "அது நம்ம ஊர் சந்தையா பாப்பா, தேடிப் பாக்க? காடு." காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "நீ சொல்றது பொய்தான். அங்க சாக்கு கட்டிக்கினு நிக்குதுங்களே, அதுங்க பொய் இல்ல" என்றார்.

அதனால்தான் மாமாவை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அது இன்னும் கஷ்டம்.

ஜூலை 23

ஆடிக் கிருத்திகை. எழுத்து கோணுகிறது.

நம் ஊரில் வேண்டாம் என்று கெஞ்சினேன். "நம்ம தெருக்காரங்க எல்லாம் காவடியோட மலை மேல இருப்பாங்க. குளத்துப் பக்கம் எவன் வரப் போறான்?" என்றார் மாமா. குளக்கரையில் மேடை. தலைக்கு மேல் தலையாகக் கூட்டம். பேச ஆரம்பித்தபோது ஒருவர் பூக்காவடியோடு முதுகைக் காட்டிக்கொண்டு போனார். நைனாவின் அதே ஒடுங்கிய தோள். இடது பக்கம் சாய்ந்து நடக்கிற அதே நடை. அவர் திரும்ப வேண்டும், திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொண்டே —

"என் நைனா செத்துட்டாரு."

அவர் திரும்பினார். வேறு யாரோ.

அடுத்த வரியை, அம்மாவைப் பற்றியதை, நான் சொல்லவே இல்லை. அதற்குள் முன்வரிசையில் கௌரியம்மாள் நைனா பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஐயோ சாமிநாதா! போய்ட்டியாடா! தகவல் வந்தும் இத்தினி நாளா மறைச்சுட்டாங்களே!"

நான் ஓடினேன். அவள் எனக்கு முந்திவிட்டாள். வீட்டுக்குள் தெருவே கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறது. நடுவில் அம்மா, கிருத்திகை விரதத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த கரண்டி கையிலேயே இருக்க, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஜூலை 24

மாமா என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். மேடையில சொன்னது பொய்னு தெரிஞ்சா துணி குடுத்தவன்லாம் வந்து மூட்டையப் பிரிப்பான். அந்தப் புள்ளைங்க சாக்கோடயே நிக்கும், உன்னால. அஞ்சு வருசமா ஒரு கடுதாசி உண்டா? நெசமாத்தான் இருக்கும்."

எல்லப்பன் தகவல் கொண்டுவந்தார் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எல்லப்பன் மறுக்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 27

சொல்லிவிட்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். மேடை, கிழிந்த பாவாடை, அப்பா என்ற சொல், காவடிக்காரர். அடிப்பாள் என்று நினைத்தேன். மாமாவை எழுப்பிக் கத்துவாள் என்று நினைத்தேன்.

அம்மா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்: "தெரியும்டி. எல்லப்பன் மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சுது."

"அப்ப அவங்ககிட்ட சொல்லும்மா!"

"வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா ஓடி ஓடிப் பாத்து அலுத்துட்டேன் அம்மு. அழறதுக்கு ஒரு நாளு கெடைச்சுது. அழுதுட்டேன். திரும்பவும் என்னைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தாதே."

ஆகஸ்ட் 1

பத்தாம் நாள். அம்மாவின் கழுத்திலிருந்து தாலி வாங்கினார்கள். என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வளையல் உடையும் சத்தம் கேட்டது.

சொந்தக்காரர்களும் தெருவும் அம்மாவுக்குக் கோடித்துணி போட்டார்கள். அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு முழம் தராத கௌரியம்மாள் நல்ல சேலையாகப் போட்டாள். கடைசியில் அம்மா எல்லாவற்றையும் மடித்து மாமாவிடம் நீட்டினாள். "மூட்டையில கட்டு. புள்ளைங்களுக்காச்சும் ஆவட்டும்." மாமா வாங்கும்போது அழுதார். மெய்யாகவே அழுதார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

செப்டம்பர் 15

முதல் மூட்டைகள் கப்பலேறிவிட்டன. அடுத்ததற்காக இன்று அரக்கோணம் ஸ்டேஷனில் கூட்டம். "இனிமே பொய்யும் இல்ல. நைனான்னே சொல்லு, அதான் நெஞ்சப் புடிக்குது" என்றார் மாமா.

நான் பேசும்போது மதராஸ் ரயில் வந்து நின்றது. கப்பலில் வருகிறவர்கள் இதில்தான் வர வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே, "என் அப்பா செத்துட்டாரு" என்றேன். மாமா முறைத்தார். மறுபடியும், இன்னும் உரக்க, அப்பா என்றுதான் சொன்னேன்.

மற்றச் சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். வந்தால் கூப்பிட வேண்டுமே.