காணாமல் போன நெட்வொர்க் கார்டு

டேய் தம்பி,

காலையில இருந்து என் கம்ப்யூட்டர் "நெட்வொர்க் கார்டு கிடைக்கவில்லை"ன்னு கத்துது, இன்டர்நெட்டே வரல. உனக்கு போன் பண்ணினா, "டிரைவர் சாஃப்ட்வேர் கெட்டிருக்கும்க்கா, அழிச்சிட்டுத் திரும்பப் போடு"ன்னு வாய் கூசாம சொன்னே. போட்டேன், போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள ஆன்லைன் இன்டர்வியூ போச்சு. கடைசியில பெட்டியைத் திறந்து பார்த்தா கார்டையே காணோம்! உன் கம்ப்யூட்டருக்குள்ள சொகுசா உட்கார்ந்திருந்துச்சு. நீ கேம் ஆட என் கார்டுதான் கிடைச்சுதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமா?

இன்டர்வியூக்காரங்ககிட்ட போன்ல கெஞ்சிக் கூத்தாடி, நேர்லயே வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடு, அப்படியே விழுங்காதே.

அக்கா

பி.கு.: கார்டைக் கழட்டிட்டேன், என் கைப்பையில இருக்கு. இனி உன் கம்ப்யூட்டரும் அதையேதான் கத்தும். எனக்கு போன் பண்ணு. "டிரைவர் கெட்டிருக்கும்டா"ன்னு நானும் சொல்றேன்.